நர்சம்மா வீட்டுக்கு வரும்போது: வேலூர்ப் பக்கத்துக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

கர்ப்பிணி இருக்கும் வீடு, கைக்குழந்தை இருக்கும் வீடு என்று தேடிப்போய்ப் பார்க்கும் வேலையைப் பல வருடம் செய்தவள் நான். பழைய வடஆற்காடு மாவட்டம் 1989இல் பிரிந்தது. மிச்சமிருந்த வேலூர் 2019இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மறுபடியும் பிரிந்தது. திண்ணையில் உட்கார்ந்ததும் வரும் கேள்விகள் மட்டும் காட்பாடியானாலும் ஆம்பூரானாலும் ஒன்றுதான். அடிக்கடி கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். மாசமாக இருக்கும் பெண் மட்டும் படித்தால் போதாது. கணவர், மாமியார், பெற்ற அம்மா மூவரும் படிக்க வேண்டும். வீட்டில் முடிவு அவர்கள் கையில்தான் இருக்கிறது.

வீட்டுக்கு யார் யார் வருவார்கள்?

முதலில் கிராம சுகாதார செவிலியர். ஊரில் நர்சம்மா, சிஸ்டர் என்று கூப்பிடுவது இவரைத்தான். சமவெளியில் ஏறக்குறைய 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலையில் 3,000 பேருக்கு ஒன்று என்பது கணக்கு. அதன் பொறுப்பு இவருடையது. வேலூர் மாநகராட்சிக்குள் இருந்தால் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தின் நகர சுகாதார செவிலியர் வருவார்.

அடுத்து அங்கன்வாடிப் பணியாளர், அதாவது பால்வாடி டீச்சர். சத்துமாவு, எடை பார்ப்பது, குழந்தை வளர்ச்சி எல்லாம் அவர் பொறுப்பு. ஊர்ப் பெண்களிலிருந்தே எடுக்கப்படும் சுகாதாரப் பணியாளர்களை ஆஷா என்பார்கள். தமிழ்நாட்டில் இவர்கள் பெரும்பாலும் மலைப் பகுதிகளிலும் பழங்குடிப் பகுதிகளிலும்தான் இருக்கிறார்கள். நம் பக்கத்தில் ஜவ்வாது மலையில் பார்க்கலாம்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வருபவரின் வேலை வேறு. அவர் பிரஷர், சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுப்பவர். ஆனாலும் அவரிடம் "எங்க வீட்டுல மருமக மாசமா கீறா" என்று சொன்னால் சேதி நர்சம்மாவிடம் போய்விடும்.

சிஎம்சி-யிலிருந்தும் (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) ஆள் வருகிறார்களே, அது வேறா?

வேறுதான், ஆனால் ஒன்றோடொன்று சேர்ந்தே நடக்கிறது. கணியம்பாடி ஒன்றியத்தில் சிஎம்சி-யின் சமுதாய சுகாதாரப் பிரிவான 'சாட்', கே.வி.குப்பம் ஒன்றியத்தில் 'ருஷா' ஆகியவை பல பத்தாண்டுகளாக ஊர் ஊராகப் போகின்றன. அந்தந்த ஊரைச் சேர்ந்த பெண்களுக்கே பயிற்சி கொடுத்து வீடுகளைப் பார்க்க வைத்த முறை அது. சிஎம்சி-யைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் 1900இல் வேலூரில் சிகிச்சையைத் தொடங்கிய கொஞ்ச காலத்திலேயே ஆஸ்பத்திரிக்கு வரமுடியாதவர்களைத் தேடிக் குடியாத்தம் சாலை வழியாகப் போய் மரத்தடியில் மருந்து கொடுத்தார். நம் மண்ணில் இந்த வேலைக்கு அவ்வளவு வயது.

சிஎம்சி-யில் பார்த்துக்கொள்கிறீர்கள், தனியாரிடம் போகிறீர்கள் என்றாலும் அரசு நர்சம்மாவிடம் பதிவு செய்தே ஆக வேண்டும். ஏன் என்பது அடுத்த பதிலில் இருக்கிறது.

மூன்று மாதம் முடியாமல் வெளியே சொல்லக்கூடாது என்கிறார்கள். எப்போது பதிவு செய்வது?

ஊருக்குச் சொல்ல வேண்டாம். நர்சம்மாவிடம் மட்டும் சொல்லுங்கள். நாள் தள்ளிப்போய்ச் சோதனையில் உறுதியானதும் சொல்லிவிடுவது நல்லது. 12 வாரத்துக்குள் பதிவு இருக்க வேண்டும்.

குழந்தையின் மூளையும் முதுகுத்தண்டும் உருவாகும் குழல் கரு தரித்த முதல் நான்கு வாரத்திலேயே மூடிவிடுகிறது. பல பெண்களுக்கு முழுகாமல் இருப்பது தெரிய வருவதே அப்போதுதான். ஃபோலிக் அமில மாத்திரையை முதல் மூன்று மாதத்தில் கொடுப்பது இதற்காக. குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போதே தொடங்கிவிட்டால் இன்னும் நல்லது. மூன்று மாதம் மறைத்து வைத்தால், அந்த மாத்திரை வேலை செய்ய வேண்டிய காலம் முழுதும் மறைந்தே போய்விடும்.

பதிவு செய்ததும் ஆர்சிஹெச் எண் என்று ஒரு தாய் சேய் நலப் பதிவு எண் கிடைக்கும். பிக்மி எண் என்றும் சொல்வார்கள். பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண்ணைக் கேட்பார்கள். தனியார் ஆஸ்பத்திரியில் பிரசவம் ஆனாலும் கேட்பார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும் அதுதான் அடிப்படை. மொத்தம் 18,000 ரூபாய். 14,000 பணமாகத் தவணை தவணையாக வரும், மீதி 4,000 இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களாக வரும். தாய்க்கு 19 வயது ஆகியிருக்க வேண்டும், முதல் இரண்டு பிரசவத்துக்கு மட்டும். வங்கிக் கணக்கு அந்தப் பெண் பெயரிலேயே இருக்கட்டும். பணம் வராமல் அலைபவர்களில் பாதிப் பேருக்குச் சிக்கல் ஆதார் பெயரும் பாஸ்புக் பெயரும் ஒத்துப்போகாததுதான்.

பணம் ஏதாவது கொடுக்க வேண்டுமா?

ஒரு பைசா வேண்டாம். யாராவது கேட்டால் 104க்கு போன் செய்து சொல்லுங்கள்.

மாதாமாதம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகிறோம். ஸ்கேனும் எடுத்தாயிற்று. வீட்டுக்கு வந்து புதிதாக என்ன பார்ப்பார்கள்?

ஆரம்ப சுகாதார நிலையத்தில் தெரியாதது வீட்டில்தான் தெரியும். ரத்தப் பரிசோதனை சீட்டில் ஹீமோகுளோபின் 8.5 என்று குறைவாக இருக்கும். காரணம் சீட்டில் இருக்காது. வீட்டுக்குப் போய் "மாத்திரையைக் காட்டும்மா" என்று கேட்டால் அலமாரியில் சாமி படத்துக்குப் பின்னால் மூன்று மாத அட்டையும் பிரிக்காமல் அப்படியே இருக்கும். இதை எத்தனையோ வீட்டில் பார்த்திருக்கிறேன். "சாப்பிட்டா கொமட்டுது", "மலம் கருப்பாப் போவுது, பயமா இருக்குது", "புள்ள பெருசாயிடுமாம், ஆபரேஷன் ஆயிடுமாம்" என்று ஒவ்வொருவரிடமும் ஒரு காரணம் இருக்கும். திட்டுவதற்கு இதில் ஒன்றுமில்லை. ஒவ்வொன்றுக்கும் பதில் உண்டு.

குமட்டினால் ராத்திரி சாப்பிட்ட பிறகு போடுங்கள். மலம் கருப்பாகப் போவது இரும்புச்சத்தால், கெடுதல் இல்லை. மாத்திரையால் பிள்ளை பெருத்துவிடாது. டீ, காபி, பாலோடு சேர்த்துப் போட்டால் உடம்பில் ஒட்டாது, ஒரு மணி நேரமாவது தள்ளிப் போடுங்கள். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ கூடச் சேர்ந்தால் நன்றாக ஒட்டும். கால்சியம் மாத்திரையை இதோடு சேர்த்துப் போடாமல் வேறு வேளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ரத்தம் குறைவாக இருக்கும் பெண்ணுக்குப் பிரசவத்தில் ஏற்படும் சாதாரண உதிரப்போக்கே உயிருக்கு வினையாகலாம். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூறு கர்ப்பிணிகளில் 48 பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. ஸ்கேன் இல்லாத ஊர் இல்லை என்று ஆகிவிட்ட மாநிலத்தில் இந்த எண்ணிக்கை எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

வீட்டில் இன்னொன்றும் தெரியும்: யார் கடைசியில் சாப்பிடுகிறார்கள் என்பது. எல்லோருக்கும் போட்டுவிட்டுக் குழம்பில் மிஞ்சியதைத் தொட்டுச் சாப்பிடும் பெண்ணுக்கு எந்த மாத்திரையும் முழுப் பலன் தராது. மாமியாரம்மா, அவளை உங்களோடு உட்கார்ந்து சாப்பிடச் சொல்லுங்கள். முட்டையை முதலில் அவள் தட்டில் வையுங்கள்.

பீடி சுற்றுகிறேன். மாசமாக இருக்கும்போது செய்யலாமா?

குடியாத்தம், பேரணாம்பட்டு, வேலூர்ப் பக்கம் இதைக் கேட்காத தெரு இல்லை. விட்டுவிட முடிந்தால் அந்தப் பத்து மாதம் விட்டுவிடுவதுதான் நல்லது. புகையிலைத்தூள் மூச்சில் போகிறது, நிகோட்டின் விரல் தோல் வழியாகவும் உடம்பில் ஏறுகிறது. குழந்தை எடை குறைந்து பிறக்க அது காரணமாகலாம். வாரக்கூலியில்தான் அரிசி வாங்குகிறோம் என்பவரிடம் "நிறுத்து" என்று மட்டும் சொல்லிவிட்டு வருவது நியாயமாகாது என்பது எனக்குத் தெரியும்.

அப்படியானால் முறத்தை உள்ளறையிலிருந்து வெளியே எடுங்கள். திண்ணையிலோ காற்றோட்டமான இடத்திலோ உட்காருங்கள். தூள் சலிக்கும் வேலையை வேறு யாராவது செய்யட்டும். சாப்பிடும் முன்னும், பிறகு குழந்தைக்குப் பால் கொடுக்கும் முன்னும் சோப்புப் போட்டுக் கை கழுவி, சேலையையோ மேலே போர்த்திய துணியையோ மாற்றிவிடுங்கள். தூங்கும் அறையில் புகையிலை மூட்டை வேண்டாம். ஒருமணிக்கொரு தரம் எழுந்து நடங்கள். ஊதுவத்தி உருட்டுபவர்களும் காற்றோட்டம், கை கழுவுதல் இரண்டையும் இப்படியே பார்த்துக்கொள்ளுங்கள்.

தலைப்பிரசவம், அம்மா வீட்டுக்குப் போகிறேன். அங்கே யார் பார்ப்பார்கள்?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். மற்றதை விட்டாலும் இதை விடாமல் படியுங்கள்.

ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளையல் போட்டு அம்மா வீட்டுக்கு அனுப்புகிறோம். அணைக்கட்டில் வாழ்க்கைப்பட்ட பெண் ஆற்காட்டுக்குப் போகிறாள். அணைக்கட்டு நர்சம்மாவின் பதிவேட்டில் அவள் பெயர் இருக்கிறது, ஆள் இல்லை. ஆற்காட்டு நர்சம்மாவின் தெருவில் அவள் இருக்கிறாள், பதிவேட்டில் பெயர் இல்லை. குழந்தை பிறந்த மூன்றாம் நாள், ஏழாம் நாள் என்று வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டிய நேரத்தில் இரண்டு பேரும் "அங்கே பார்த்திருப்பார்கள்" என்று நினைத்துக்கொள்ள வாய்ப்பிருக்கிறது. தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து அதிகமுள்ள வாரமும், யார் கணக்கிலும் இல்லாத வாரமும் ஒன்றாகிவிடுகிறது.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே இந்த ஊர் நர்சம்மாவிடம் எந்த ஊர், எந்தத் தெரு, எந்த போன் எண் என்று சொல்லுங்கள். தாய் சேய் நல அட்டையையும் ஸ்கேன், ரத்தப் பரிசோதனைத் தாள்களையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள், பீரோவில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். அம்மா வீட்டுக்குப் போன அந்த வாரத்திலேயே உங்கள் அம்மாவோ தம்பியோ அங்குள்ள துணை சுகாதார நிலையத்தில் போய் "எங்க பொண்ணு பிரசவத்துக்கு வந்திருக்கா" என்று சொல்லி ஆர்சிஹெச் எண்ணைக் கொடுத்துவிடட்டும். அந்த எண் இருந்தால் எந்த ஊரிலிருந்தும் உங்கள் விவரத்தைப் பார்க்க முடியும். பிரசவம் ஆனதும் இரண்டு நர்சம்மாவுக்கும் போன் பண்ணுங்கள். கணவருக்கு இந்த ஒரு வேலையைக் கண்டிப்பாக ஒப்படையுங்கள்.

தாய்வீடு சித்தூர்ப் பக்கம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். காட்பாடியிலிருந்து கொஞ்ச தூரம்தான், ஆனால் அது வேறு மாநிலம், சுகாதாரத் துறையும் வேறு. அங்கே ஆஷா பணியாளர் வருவார். அவரிடம் அட்டையைக் காட்டிப் பதிவு செய்யுங்கள். உதவித்தொகைத் தவணையும் பிறப்புச் சான்றிதழும் எந்த ஊரில் எப்படி என்று புறப்படும் முன்பே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில்தானே? பிறகு வீட்டுக்கு வருவது எதற்கு?

தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கு மேல் ஆஸ்பத்திரிப் பிரசவம்தான். பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் சுகப்பிரசவம் என்றால் இரண்டு மூன்று நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். மஞ்சள் காமாலை ஏறுவது, பால் கட்டிக்கொள்வது, தொப்புளில் சீழ் வைப்பது, ஆபரேஷன் தையல் பிரிவது எல்லாம் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் நடக்கும். இப்போது நம் மாநிலத்தில் நூற்றில் ஏறக்குறைய 45 பிரசவம் ஆபரேஷன். தையலோடு வீட்டுக்கு வரும் பெண்களை யார் பார்ப்பது?

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் டாக்டர் அபய் பங், டாக்டர் ராணி பங் இருவரும் கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து வீடு வீடாகப் பச்சைக்குழந்தைகளைப் பார்க்க வைத்தார்கள். 1999இல் வெளியான முடிவின்படி, அந்த ஊர்களில் முதல் 28 நாளுக்குள் இறக்கும் குழந்தைகளின் விகிதம், திட்டம் இல்லாத ஊர்களோடு ஒப்பிட்டால் 62 சதவீதம் குறைந்திருந்தது. நாடு முழுக்க இன்று நடக்கும் திட்டத்துக்கு அதுதான் வழிகாட்டி. ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் வீட்டில் பார்க்க வேண்டும். வீட்டிலேயே பிறந்துவிட்டால் முதல் நாளும் பார்க்க வேண்டும்.

அந்த நாட்களில் வந்து என்ன செய்வார்? எட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுகிறாரே?

அப்படிப் போக விடாதீர்கள். உரிமையோடு "உள்ள வாங்க சிஸ்டர், கொழந்தய எடுத்துப் பாருங்க" என்று சொல்லுங்கள். முழுதாகப் பார்ப்பது எப்படி என்று சொல்கிறேன்.

வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுவார். தண்ணீரும் சோப்பும் எடுத்து வையுங்கள். குழந்தை தூங்கும்போதே சட்டையை மேலே தூக்கி, கடிகாரத்தைப் பார்த்து முழுசாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணுவார். பச்சைக்குழந்தை மூச்சு ஒரே சீராக இருக்காது, அதனால் அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பது கூடாது. 60 அல்லது அதற்கு மேல் வந்தால் மறுபடி எண்ணுவார். அப்போதும் 60 என்றால் ஆஸ்பத்திரிதான். பிறகு பாதத்தைத் தன் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். வயிறு சூடாக, பாதம் சில்லென்று இருந்தால் குழந்தைக்குக் குளிர் எடுத்திருக்கிறது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நெஞ்சில் விரலால் லேசாக அழுத்தி எடுப்பார், மஞ்சள் தெரிகிறதா என்று பார்க்க. உள்ளங்கை, உள்ளங்கால் வரை மஞ்சள் இறங்கியிருந்தால் அன்றே கிளம்ப வேண்டும். தொப்புள், கண், வாய் பார்ப்பார். துணித் தொட்டில் தராசில் எடை போடுவார். முதல் வாரத்தில் எடை கொஞ்சம் குறைவது இயல்பு, பத்து நாள் வாக்கில் பிறந்த எடைக்கு வந்துவிட வேண்டும். கடைசியாக, உங்களைப் பால் கொடுக்கச் சொல்லி உட்கார்ந்து பார்ப்பார். வெட்கப்படாதீர்கள். காம்பு மட்டும் வாயில் இருக்கிறதா, கருவட்டமும் சேர்ந்து வாய் நிறைய இருக்கிறதா என்பதைப் பார்த்தால்தான் தெரியும். "பால் இல்லை" என்று அழும் பெண்களில் பலருக்குப் பால் இருக்கும். பிடிப்புதான் சரியாக இருக்காது.

தாயையும் பார்க்க வேண்டும். உதிரப்போக்கு எவ்வளவு, காய்ச்சல் உண்டா, தையல் எப்படி இருக்கிறது, பிரஷர் எவ்வளவு, ஒரு கால் மட்டும் வீங்கி வலிக்கிறதா. குழந்தையை மட்டும் கொஞ்சிவிட்டுப் போகும் வருகை பாதி வருகைதான்.

சேனை வைப்பது, உரை மருந்து, சாம்பிராணி... பாட்டி செய்யச் சொல்கிறார், நர்சம்மா வேண்டாம் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பாட்டி சொல்வதில் பாதி நல்லது. உடம்பு பிடித்துவிடுவது, வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்டுவது, தாயைப் படுக்க வைத்து ஊட்டிவிடுவது, கண்டவர்கள் குழந்தையைத் தூக்கவிடாமல் பார்த்துக்கொள்வது எல்லாம் தங்கமான வழக்கங்கள். வசம்பைக் கையில் கட்டுவதால் கெடுதல் இல்லை, குழந்தை வாயில் வைக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

விட வேண்டியவை சில உண்டு. பிறந்ததும் சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப்பால் நாக்கில் வைக்காதீர்கள். முதலில் வரும் மஞ்சள் நிறச் சீம்பாலைப் பீய்ச்சிக் கீழே ஊற்றாதீர்கள், அதுதான் முதல் தடுப்பு மருந்து. குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடுவது, வாயால் ஊதுவது, தொண்டையில் விரல் விட்டுச் சளி எடுப்பது இவற்றால் எண்ணெய் நுரையீரலுக்குள் போய் நிமோனியாவே வரலாம். தொப்புளில் எதுவும் போடக்கூடாது, சாணமும் கூடாது, மஞ்சளும் கூடாது, பவுடரும் கூடாது. சாம்பிராணிப் புகையை அறைக்கு வெளியே காட்டுங்கள். உரை மருந்தை முதல் ஆறு மாதம் தள்ளி வையுங்கள். கல்லில் உரைக்கும்போது சேரும் அழுக்கு போதும், பேதி வர.

பத்தியம் விஷயத்தில் என் கருத்தை வெளிப்படையாகச் சொல்கிறேன். பூண்டு, மிளகு, கருவாட்டுக் குழம்பு போடுவது நல்லது. "பச்சத்தண்ணி குடிக்காத, காய் தின்னாத, பழம் தின்னாத" என்று ஒரு மாதம் வெறும் ரசச்சோற்றில் வைப்பது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் கொடுமை. பால் கொடுப்பவளுக்கு முன்னைவிட அதிகமாகப் பசிக்கும், தாகம் எடுக்கும். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் செம்பு நிறைய அவள் கைக்கு எட்டும் இடத்தில் எப்போதும் இருக்கட்டும்.

வேலூர் வெயிலில் குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்காமல் எப்படி?

கொடுக்க வேண்டாம். தாய்ப்பாலில் பெரும்பகுதி, 85 சதவீதத்துக்கு மேல், தண்ணீர்தான். கத்திரி வெயிலில் குழந்தை அடிக்கடி பால் கேட்கும், கேட்கும்போதெல்லாம் கொடுங்கள். 24 மணி நேரத்தில் ஆறு தடவைக்கு மேல் சிறுநீர் போனால் தண்ணீர்ச் சத்து போதுமான அளவு இருக்கிறது என்று அர்த்தம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீடு என்றால் மதியம் குழந்தையை நிழலான, காற்று வரும் இடத்துக்கு மாற்றுங்கள். தடித்த துணியில் சுற்றி வைக்காதீர்கள்.

பிரசவமாகி ஒரு மாதம் ஆகிறது, பெண் அழுதுகொண்டே இருக்கிறாள். காத்து கருப்பு ஏதாவது இருக்குமா?

இல்லை. முதல் பத்து நாள் கொஞ்சம் மனம் கலங்குவது பலருக்கும் வரும், போய்விடும். இரண்டு வாரம் தாண்டியும் தூக்கமில்லை, சாப்பாடில்லை, குழந்தையைப் பார்க்கவே பிடிக்கவில்லை, செத்துவிடலாம் போலிருக்கிறது என்றால் அது நோய், சிகிச்சை உண்டு. நம் கணியம்பாடி வட்டாரப் பெண்களிடமே சிஎம்சி மருத்துவர்கள் ஆய்வு செய்து 2002இல் வெளியிட்டார்கள். பிரசவத்துக்குப் பிறகு புதிதாக மனச்சோர்வு வந்தவர்கள் நூற்றுக்கு 11 பேர். யாருக்கு அதிகம் வந்தது? கையில் காசில்லாதவர்களுக்கு, ஆண் பிள்ளையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிள்ளை பெற்றவர்களுக்கு, மாமியாரோடும் பெற்றோரோடும் உறவு சரியில்லாதவர்களுக்கு, ஒத்தாசைக்கு ஆள் இல்லாதவர்களுக்கு.

இதில் பேயும் பிசாசும் எங்கே இருக்கிறது? எல்லாம் வீட்டு மனிதர்கள் மாற்றக்கூடியவை. "மறுபடியும் பொட்டப்புள்ளயா" என்ற சொல்லை வாசலிலேயே நிறுத்துங்கள். ராத்திரியில் இரண்டு மணி நேரம் குழந்தையைக் கணவர் தோளில் போட்டுக்கொண்டு அவளைத் தூங்க விடட்டும். நர்சம்மாவிடம் சொல்லுங்கள். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவேன் என்று அவள் சொன்னால் ஒரு நிமிடமும் தனியாக விடாமல் அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

வீடு சின்னது, ஒழுங்காக இல்லை. வந்து பார்த்து என்ன நினைப்பாரோ?

ஒன்றும் நினைக்க மாட்டார். ஒரே அறையில் ஆறு பேர் இருக்கும் வீடுகள்தான் எங்களுக்குப் பழக்கம். தனியாகப் பேச வேண்டியது இருந்தால் "அட்டைய எடுத்து வரேன், வாங்க சிஸ்டர்" என்று உள்ளே கூப்பிடுங்கள், புரிந்துகொள்வார். கணவர் அடிக்கிறார் என்பதையும் சொல்லலாம், அடுத்த குழந்தை இப்போதைக்கு வேண்டாம் என்பதையும் சொல்லலாம். 181 பெண்கள் உதவி எண். வீட்டில் உருது, தெலுங்கு பேசுபவர்கள் தமிழ் வராதே என்று தயங்க வேண்டாம். இந்தப் பக்கத்து நர்சம்மாக்கள் பலருக்கும் "தூத் பிலாயா?", "பாலு தாகிந்தா?" என்று கேட்கும் அளவுக்குப் பழக்கம் உண்டு.

வாடகை வீடு, சொந்த ஊர் வேறு. செங்கல் சூளையில் வேலை. எங்களுக்கும் வருவார்களா?

வர வேண்டும். நீங்கள் எங்கே தங்கியிருக்கிறீர்களோ அந்த இடத்து நர்சம்மா உங்களைப் பார்ப்பார். சூளை மேஸ்திரியிடம் அங்கன்வாடி எங்கே என்று கேட்டுப் போய்ப் பெயர் கொடுங்கள்.

ஒவ்வொரு புதன்கிழமையும் ஊசி என்று விடாமல் கூப்பிடுகிறார்கள். காய்ச்சல் வருகிறதே?

ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாத ஊசிக்கு ஒருநாள் காய்ச்சல் வரலாம். நர்சம்மா கொடுக்கும் பாரசிட்டமால் சொட்டு மருந்தைச் சொன்ன அளவில் கொடுங்கள், போதும். ஊசி போட்ட இடத்தைத் தேய்க்காதீர்கள்.

ரோட்டா வைரஸால் வரும் பேதியைத் தடுக்க வாயில் விடும் ரோட்டா மருந்தைப் பற்றி வேலூர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 2000களில் வேலூர் நகரத்தின் நெருக்கமான குடியிருப்புகளில் பிறந்த குழந்தைகளைச் சிஎம்சி களப்பணியாளர்கள் வாரம் இரண்டு முறை வீட்டுக்கே போய், மூன்று வயது வரை பார்த்தார்கள். 373 குழந்தைகள் கடைசிவரை கூடவே வந்தார்கள். ரோட்டா வைரஸ் இங்கே எவ்வளவு சீக்கிரம், எத்தனை முறை தாக்குகிறது என்பது அந்த வீட்டு வருகைகளால்தான் தெரிந்தது. பேராசிரியர் ககன்தீப் காங் அந்தப் பணியில் முன்னின்றார். பிறகு இந்தியாவில் உருவான ரோட்டாவேக் மருந்தை டெல்லி, புனே, வேலூர் மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் சோதித்தார்கள். இன்று புதன்கிழமை இலவசமாகக் கிடைக்கும் சொட்டுக்குப் பின்னால் நம் தெருத் தாய்மார்களும் இருக்கிறார்கள்.

மருந்து போட்டாலும் பேதி அறவே வராது என்றில்லை. வந்தால் ஓஆர்எஸ் கரைத்துக் கொடுங்கள், துத்தநாக மாத்திரையைப் பேதி நின்றாலும் 14 நாள் முடியும்வரை கொடுங்கள், தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள்.

ஆறு மாதத்துக்குப் பிறகும் வருகிறார்களே, இனி என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. 3, 6, 9, 12, 15ஆம் மாதங்களில் வீட்டில் போய்ப் பார்ப்பது 2018 முதல் தேசியத் திட்டமாக இருக்கிறது. ஆறு மாதம் முடிந்ததும் கஞ்சித்தண்ணீர் வேண்டாம், கரண்டியைச் சாய்த்தால் வழியாத அளவுக்குக் கெட்டியாக வேண்டும். கேழ்வரகுக் கூழ், மசித்த பருப்புச்சோறு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, வாழைப்பழம், அவித்த முட்டை, அங்கன்வாடி சத்துமாவு. சத்துமாவை வாங்கி மாட்டுக்குக் கரைத்து ஊற்றும் வீடுகள் உண்டு, தயவு செய்து செய்யாதீர்கள். வெல்லம் போட்டு உருண்டை பிடித்தால் பெரிய பிள்ளையும் தின்னும்.

சாப்பாட்டோடு பேச்சும் விளையாட்டும். ஜமைக்காவில் 1980களில் வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் வீட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம் ஒரு பெண் போய், வீட்டில் கிடக்கும் பொருளில் செய்த பொம்மைகளை வைத்து எப்படி விளையாடுவது என்று தாய்க்குக் காட்டினார். இரண்டு வருடம் மட்டும்தான். அந்தக் குழந்தைகள் வளர்ந்து வேலைக்குப் போனபோது, அப்படிப் பார்க்கப்படாத குழந்தைகளைவிட 25 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள். நம் வீட்டில் கிண்ணமும் கரண்டியும் மூடி போட்ட டப்பாவில் நாலு புளியங்கொட்டையும் இருக்கின்றன, மூடி இறுக்கமாக இருக்கட்டும். செல்போனைக் காட்டிச் சோறு ஊட்டுவதை விட்டுவிட்டு, சாய்ந்தாடம்மா பாடுங்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, ஒன்பது மாதமாகியும் உட்காரவில்லை, ஒன்றரை வயதாகியும் ஒரு சொல்லும் இல்லை என்றால் "அப்பா லேட்டாத்தான் பேசினாராம்" என்று தள்ளிப்போடாமல் நர்சம்மாவிடம் காட்டுங்கள்.

நாங்கள் மலையில் இருக்கிறோம். அங்கே எப்படி?

பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை பக்கத்துக் குக்கிராமங்களில் சிலவற்றுக்கு நல்ல சாலை இல்லை. வலி எடுத்த பிறகு கிளம்புவது என்று வைத்துக்கொள்ளவே கூடாது. சொன்ன தேதிக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே ஆஸ்பத்திரிக்கு அருகிலுள்ள உறவினர் வீட்டுக்கோ, மருத்துவர் சொல்லும் இடத்துக்கோ இறங்கிவிடுங்கள். ஆடு மாட்டை யார் பார்ப்பது என்பதுதான் பெரும்பாலும் தடை, அதை ஏழாம் மாதத்திலேயே பேசி முடிவு செய்யுங்கள். ஆஷா பணியாளர் உங்கள் ஊர்ப் பெண். எந்த வண்டி, யார் டிரைவர், எந்த இடத்தில் சிக்னல் கிடைக்கும் எல்லாம் அவருக்குத் தெரியும்.

யாருமே வரவில்லை. என்ன செய்வது?

முதலில் போன் செய்யுங்கள். அந்த ஒருவர் ஊசி, பதிவேடு, முகாம், கம்ப்யூட்டர் பதிவு எல்லாம் பார்த்துக்கொண்டு, பக்கத்துத் துணை நிலையம் காலியாக இருந்தால் அதையும் சேர்த்துப் பார்ப்பார். கத்தினால் பலனில்லை, கேட்டால் பலன் உண்டு. "ஏழாம் நாள் பார்க்கலை, நாளைக்கு வரமுடியுமா?" என்று தெளிவாகக் கேளுங்கள். அப்படியும் வரவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் சொல்லுங்கள், அல்லது 104. காலி இடங்களை நிரப்பச் சொல்லிக் கிராம சபையில் எழுதிக் கொடுங்கள். ஆண்கள் சாலைக்கும் தெருவிளக்குக்கும் மனு கொடுக்கிறார்கள், இதற்கும் கொடுக்கலாம்.

நர்சம்மாவுக்காகக் காத்திருக்கக் கூடாத நேரம் எது?

கர்ப்பத்தில்: ரத்தம் பட்டாலோ, பனிக்குடம் உடைந்தாலோ, தலைவலியோடு கண் மங்கினாலோ, முகம் வீங்கினாலோ, வலிப்பு வந்தாலோ, குழந்தை அசைவு குறைந்தாலோ. பிரசவத்துக்குப் பின்: துணி துணியாக உதிரம் போனாலோ, குளிர் காய்ச்சல் வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ. குழந்தைக்கு: பால் இழுக்கவில்லை, துவண்டு கிடக்கிறது, உடம்பு சில்லிட்டது அல்லது கொதிக்கிறது, நெஞ்சு உள்வாங்கி மூச்சு விடுகிறது, வெட்டி வெட்டி இழுக்கிறது.

உடனே 108. அடையாளமாகக் கோயிலோ பள்ளிக்கூடமோ சொல்லுங்கள், ஓர் ஆளைத் தெருமுனையில் நிறுத்துங்கள். போகும்போது குழந்தையைத் தாயின் நெஞ்சில் தோலோடு தோலாக வைத்து மேலே போர்த்துங்கள். ராத்திரி என்றால் ஆம்புலன்ஸிலேயே அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரியா, குடியாத்தம் அரசு மருத்துவமனையா, எது பக்கம், எங்கே குழந்தை டாக்டர் இருக்கிறார் என்று கேளுங்கள். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு அரசு ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம். பிரசவம் முடிந்து வீடு திரும்ப 102 வண்டியும் இலவசம். அட்டை இருக்கும் பையைக் கதவுக்குப் பின்னால் ஆணியிலேயே மாட்டி வையுங்கள்.